உங்கள் கைக்கும் ரோஜா பூக்கும்

"எங்கட கைக்கு ரோசா வராது புள்ள."

என் மூத்தம்மா இப்படிச் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கவலையோடு சொல்வதில்லை, கோபத்தோடும் சொல்வதில்லை. கச்சான் காலத்தில் வெயில் கூட என்று சொல்வதைப் போல, ஊருக்கே தெரிந்த விடயமாகத்தான் சொல்வார். உம்மாவும் அதையே சொல்வார். எங்கள் வளவில் மல்லிகை இருக்கிறது, செவ்வரத்தை இருக்கிறது, வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. ரோஜா மட்டும் இல்லை. வயற்பக்கம் உள்ள பெரியம்மா வீட்டில் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும். அவருக்குக் கைராசி உண்டு, எங்களுக்கு இல்லை. பேச்சு அவ்வளவோடு முடிந்துவிடும்.

இப்படி முடிந்துபோன வீடுகள் நம் கரையோர ஊர்களில் பல இருக்கின்றன. வகுப்புத் தோழியரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஒருக்கா வெச்சம், பட்டுப் போச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்த ஒரு செடி பட்டவுடன் கைராசி பற்றிய தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் இன்னொரு கன்றை வாங்குவதில்லை.

அந்தத் தீர்ப்பு பிழையானது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். ரோஜா வளர்ப்பதற்குக் கைராசி தேவையில்லை. வெயில், மண், நீர், கத்தரிக்கோல் ஆகிய நான்கைப் பற்றிய கொஞ்ச அறிவு வேண்டும். ஓரிரு செடிகளை இழந்தாலும் மீண்டும் நடும் மனம் வேண்டும். மூன்று செடிகளைக் கொன்ற அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

முதலாவது செடி நுவரெலியாவிலிருந்து வந்தது. ஒன்பதாம் தரத்தில் படிக்கும்போது கல்விச் சுற்றுலா சென்றோம். ஹக்கல தாவரவியல் பூங்காவையும் பார்த்தோம். 1861ஆம் ஆண்டில் சிங்கோனா மரங்களை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட அந்த இடம் இன்று ரோஜாக்களுக்குப் பெயர் பெற்றது. திரும்பும் வழியில் தெருவோரத்தில் கறுப்புப் பொலித்தீன் பைகளில் ரோஜாக் கன்றுகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாப்பா தந்த செலவுக் காசில் ஒன்றை வாங்கினேன். அதில் மூன்று சிவப்புப் பூக்கள் இருந்தன. வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். மறுநாளே முற்றத்தின் நடுவில், உச்சி வெயில் நேராக விழும் இடத்தில் நட்டேன். மூன்றாம் கிழமை அது முள்ளுள்ள வெறும் குச்சியாக நின்றது.

"நான் அப்பயே சொல்லல்லயா?" என்றார் உம்மா.

இரண்டாவது செடியைப் பழைய பெயின்ற் வாளி ஒன்றில் வைத்தேன். வெயில் படாமல் விறாந்தையில் பாதுகாத்தேன். காலையும் மாலையும் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றினேன். அடியிலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியபோது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். செத்த பிறகு பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கறுத்து அழுகி மணத்தன. அந்த வாளியின் அடியில் ஓட்டையே இருக்கவில்லை.

மூன்றாவது செடிக்கு ஓட்டையிட்ட சாடி, நல்ல வெயில், அளவான தண்ணீர் எல்லாம் கொடுத்தேன். நன்றாகத்தான் நின்றது. அது இன்னும் வேகமாக வளரட்டும் என்று, வாப்பா வயலுக்குக் கொண்டுவந்த யூரியாவில் இரண்டு பிடி அள்ளிப் போட்டேன். சில நாட்களில் இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலக் கருகியது. ஒரு கிழமையில் முழுச் செடியும் போய்விட்டது.

அப்போது நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். எங்கள் கைக்கு ரோஜா வராது.

இந்த நம்பிக்கையை மாற்றியது ஒரு கேள்வி. உயிரியல் ஆய்வுகூடத்தில் பிரசாரணம் பற்றிய பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். உருளைக்கிழங்குத் துண்டைச் செறிவான உப்புக் கரைசலில் இட்டால், அதிலுள்ள நீர் வெளியேறித் துண்டு துவண்டு போகும். எல்லோரும் செய்திருப்பீர்கள். துவண்ட துண்டைக் கையில் எடுத்தபோது என் மூன்றாவது செடி ஞாபகம் வந்தது. "டீச்சர், எங்கட வீட்டுல ரோஜாவும் இப்பிடித்தான் துவண்டு செத்துப் போகும். எங்களுக்குக் கைராசி இல்ல" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இலை எங்கிருந்து காஞ்சது? ஓரத்திலிருந்தா, அடியிலிருந்தா?" என்று கேட்டார்.

மூன்றாவது செடியைப் பற்றிச் சொல்ல முடிந்தது. இரண்டாவதைப் பற்றியும் யோசித்துச் சொன்னேன். முதலாவதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதை நான் கவனிக்கவே இல்லை. பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு மூன்று செடிகளின் மரணத்துக்கும் மூன்று வேறு வேறு காரணங்கள் இருப்பது விளங்கியது. மூன்றிலும் என் கை குற்றவாளி இல்லை.

முதலாவது செடி 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், சராசரியாக 16 பாகை செல்சியஸ் குளிரில் வளர்ந்தது. அதை ஒரே நாளில் கடற்கரை வெப்பத்துக்குக் கொண்டுவந்து உச்சி வெயிலில் நட்டேன். இரண்டாவது செடியின் வேருக்குச் சுவாசிக்கக் காற்று இருக்கவில்லை. மூன்றாவது செடி உருளைக்கிழங்குத் துண்டின் நிலைக்கு வந்தது. மண்ணில் பசளை அளவுக்கு மிஞ்சிச் செறிந்தபோது வேர் நீரை எடுக்க முடியாமல் தவித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் என் அன்பு மிகுதியால் செத்தன என்றும் சொல்லலாம்.

புதிதாகத் தொடங்கும் தோழியருக்கு நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கன்றைத் தெரிவு செய்யுங்கள். பூ நிறைந்த கன்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடியிலிருந்து இரண்டு மூன்று உறுதியான தண்டுகளும், செந்நிறத் துளிர்களும் உள்ள கன்றே நல்லது. நம் ஊர் வெப்பத்தில் ஏற்கெனவே வளர்ந்த கன்று கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கியவுடன் நட்டுவிடாதீர்கள். ஒரு கிழமை காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பழக்குங்கள். நடும்போது பையைக் கிழித்து, வேரைச் சுற்றியுள்ள மண் உடையாமல் அப்படியே இறக்குங்கள்.

அடுத்தது வெயில். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும். அழகுக்காக விறாந்தையிலும் வரவேற்பறையிலும் வைத்தால் அது பூக்காது. கிழக்குப் பார்த்த முற்றமே மிகச் சிறந்தது. காலை வெயில் இலையில் படிந்த பனியையும் ஈரத்தையும் விரைவாக உலர்த்திவிடும். கச்சான் வீசும் மாதங்களில் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் சிறிது மறைப்புக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது மண். நம் கரையோர மணலில் நீரும் நிற்காது, பசளையும் நிற்காது. அதனால் தொடங்குபவர்கள் சாடியில் தொடங்குவதே இலகு. பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத சாடி, அடியில் நான்கைந்து ஓட்டைகள். மேல்மண் ஒரு பங்கு, உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தும்புச்சோற்றில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவிப் பிழிந்த பிறகு பாவியுங்கள். மாட்டெரு போடுவதானால் நன்றாக உக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் வேரைச் சுடும். பிறகு மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி கூட்டெரு போதும். இரசாயனப் பசளையை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம்.

நான்காவது தண்ணீர். விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள், உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில், செடியின் அடியில் ஊற்றுங்கள். இலைகள் பல மணித்தியாலங்கள் நனைந்தே இருந்தால் கரும்புள்ளி நோய் தொற்றும். அந்தப் பங்கசு இலையைத் தாக்குவதற்கு ஏறத்தாழ ஏழு மணித்தியால ஈரம் வேண்டும். மாலையில் இலையை நனைத்தால் அந்த ஏழு மணித்தியாலத்தை நாமே கொடுத்தவர்கள் ஆவோம். மாரி காலத்தில் இந்த நோய் வந்தே தீரும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்தவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்தினால் செடி தப்பிவிடும். சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் நீர் வேருக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் வீடு.

துளிர்களில் பச்சை நிறத்தில் சிறு பூச்சிகள் மொய்த்தால் பயப்பட வேண்டாம். அவை அழுக்கணவன். குழாய்த் தண்ணீரைக் காலையில் விசையாகப் பீய்ச்சினால் விழுந்துவிடும். பொறிவண்டுகளைக் கண்டால் விரட்டாதீர்கள். அவை அழுக்கணவனைத் தின்று நமக்கு வேலையை மிச்சமாக்கும்.

கடைசியாகக் கத்தரிக்கோல். இதற்குத்தான் நாம் மிகவும் பயப்படுகிறோம். வளரும் செடியை வெட்ட மனம் வராது. வாடிய பூவைச் செடியிலேயே விட்டால் அது காயாகத் தொடங்கும், செடியின் சக்தி விதைக்குப் போகும். வாடியவுடன் வெட்டினால் கீழேயிருந்து புதிய துளிர் வரும், ஏறத்தாழ ஆறேழு கிழமைகளில் அந்தத் துளிரில் பூ வரும். பூவிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலை எங்கே வெளிப்பக்கம் பார்த்து இருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் துளிரை விட்டுவைக்காதீர்கள். அது ஒட்டுக்கட்டையின் துளிர், நீங்கள் வாங்கிய ரோஜா அதில் பூக்காது.

இவ்வளவுதான். இதில் கைராசிக்கு எங்கே இடம் இருக்கிறது?

பெரியம்மாவிடம் இருப்பது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் வீட்டு முற்றம் கிழக்குப் பார்த்தது. வயற்பக்க மண் நீரைப் பிடித்து வைக்கும் மண். தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு முற்றத்துக்கு வந்து, வாடிய பூக்களைக் கிள்ளிப் போடுவார். கத்தரிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நாம் அதைக் கைராசி என்கிறோம். அது கவனிப்பு.

கவனிப்புக்கு ஒரு பழைய சான்றும் உண்டு. கல்யாண வீடுகளில் பன்னீர் தெளித்து விருந்தினரை வரவேற்பது நமக்குப் பழக்கமானது. ரோஜா இதழிலிருந்து பன்னீர் எடுப்பதும் மிகப் பழைய கலை. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்புகளில், நூர்ஜஹானின் தாயார் ரோஜா அத்தரைக் கண்டறிந்ததாக எழுதியிருக்கிறார். சூடான பன்னீரைப் பாத்திரங்களில் ஊற்றும்போது மேலே மெல்லிய படலம் படிவதை அந்தப் பெண்மணி கண்டார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரித்தார். மிகச் சிறிய துளியிலும் மிகுந்த மணம் இருந்தது. அந்தப் படலத்தைக் கண்ட மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். அவர் நின்று பார்த்தார்.

"விலைவாசி இப்படி இருக்கும்போது ரோஜாவை நட்டு என்ன செய்வது? கீரையும் மிளகாயும் நட்டாலாவது கறிக்கு ஆகும்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கீரையும் நடுங்கள், மிளகாயும் நடுங்கள். ஆனால் பக்கத்தில் ஒரு சாடி ரோஜாவுக்கும் இடம் கொடுங்கள். கீரை நம் பிழைகளைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். ரோஜா அப்படி விடாது. தண்ணீர் கூடினால் ஒரு விதமாகவும், பசளை கூடினால் வேறொரு விதமாகவும், வெயில் குறைந்தால் இன்னொரு விதமாகவும் இலையில் எழுதிக் காட்டும். அதை வாசிக்கப் பழகியவருக்கு எந்தப் பயிரும் கடினமாக இராது.

இனி மூத்தம்மாவின் கதைக்கு வருகிறேன். நான்காவது செடி என் சாடியில் முதல் மொட்டு விட்ட நாளில்தான் அவர் அதை முழுமையாகச் சொன்னார்.

அவருக்கும் ஒரு காலத்தில் ரோஜா இருந்திருக்கிறது. கிணற்றடியில், இளஞ்சிவப்பு நிறத்தில், மணமுள்ள பழைய ரோஜா. அவருடைய உம்மா வீட்டிலிருந்து தடி வெட்டிக் கொண்டுவந்து நட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் தடி வெட்டிக் கொடுத்திருக்கிறார். பெரியம்மா வீட்டு ரோஜாவும் அவர் கொடுத்த தடிதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் வளவுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின. ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படி இல்லை. தண்ணீர் வடிந்த பிறகும் ரோஜா நின்றிருக்கிறது. பிறகு இலைகள் ஓரத்திலிருந்து கருகி, அதுவும் பட்டுப்போனது. கிணற்றை இறைத்து இறைத்துப் பார்த்தும் தண்ணீர் உவர்த்தது. சில மாதங்களில் மூத்தம்மா பெரியம்மா வீட்டிலிருந்து தடி கொண்டுவந்து அதே இடத்தில் நட்டார். பட்டது. இன்னொரு தடி நட்டார். அதுவும் பட்டது. "கடலோட என்ட கைராசியும் போயிட்டு" என்று விட்டுவிட்டார்.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஆனாலும் எந்தப் பக்கமிருந்து இலை கருகியது என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. நான் உருளைக்கிழங்குத் துண்டைப் பற்றிச் சொன்னேன். மண்ணில் உப்பு நிறைந்திருக்கும்போது எந்தக் கை நட்டாலும் ரோஜா நீரை எடுக்க முடியாது என்று சொன்னேன். அந்த உப்பை அடுத்தடுத்து வந்த மாரி மழைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக் கொண்டுபோய்விட்டன என்றும் சொன்னேன்.

மூத்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப, அது என்ட கையால இல்லயா புள்ள?"

"இல்ல மூத்தம்மா. உப்பால."

மண் செய்ததற்குத் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு அவர் இத்தனை வருடம் இருந்திருக்கிறார். அந்தக் குற்றத்தை உம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து "எங்கட கை" என்று கொடுத்தும் இருக்கிறார். அன்றுதான் இது வெறும் பூச்செடி விடயம் இல்லை என்று எனக்குப் பட்டது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்கு முற்றத்தில் வெயில் விழும் ஒன்றரை அடி இடம் கொடுங்கள். பாடசாலைக்கும் டியூசனுக்கும் இடையில் காலையில் பத்து நிமிடம் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தால் படிப்புக் கெட்டுப்போகாது. அவள் வைத்த செடி பட்டுப்போனால் "உனக்கு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். "ஏன் பட்டது, பார்த்தாயா?" என்று கேளுங்கள். கணக்கில் புள்ளி குறைந்தாலும் நாம் இப்படித்தான் "உனக்குக் கணக்கு வராது" என்று முடித்துவிடுகிறோம். எந்தப் படியில் பிழைத்தது என்று கேட்பதில்லை. பரீட்சையில் பிழைத்தால் ஒரு வருடம் போகலாம். ரோஜாவில் பிழைத்தால் ஒரு கன்றுதான் போகும். பிழைத்துப் பார்த்துக் காரணம் தேடப் பழகுவதற்கு இதைவிட மலிவான இடம் வேறு எங்கே இருக்கிறது?

சென்ற மாரி தொடங்கும்போது நானும் மூத்தம்மாவும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பென்சில் மொத்தத்தில், ஏழெட்டு அங்குல நீளத்தில் பத்துத் தடிகள் வெட்டினோம். கீழ் இலைகளை அகற்றி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல்களால் மூடி நிழலில் வைத்தோம். ஆறு பட்டுப்போயின. நான்கு வேர்விட்டன. அதில் ஒன்று கிணற்றடியில், பழைய இடத்திலேயே நிற்கிறது. முதல் பூ வாடியபோது கத்தரிக்கோலை நான் எடுத்தேன். மூத்தம்மா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஐந்து இலையை நான் காட்டும் முன்பே வெட்டியும் விட்டார்.

கத்தரிக்கும் தடிகளை இப்போது நாங்கள் எறிவதில்லை. அடுத்த மாரி தொடங்கும்போது கேட்கும் தோழியருக்கெல்லாம் தருவதாக மூத்தம்மா சொல்லியிருக்கிறார். வரும்போது ஒன்று கேட்காதீர்கள், பத்துக் கேளுங்கள். ஆறு பட்டுப்போகலாம்.